சி45 கேட்டால் ஈஎன்8 தரலாமா?

ஜெர்மன் டிராயிங்கில் ஷாஃப்டுக்கு (சுழலும் தண்டுக்கு) எந்த எஃகு என்ற இடத்தில் ‘சி45’ என்று போட்டிருக்கும். கடையில் கேட்டால், “அதுக்கு ஈக்குவலண்ட் ஈஎன்8 தான் சார், தாராளமா எடுத்துட்டுப் போங்க” என்பார்கள். கோயம்புத்தூர் பட்டறைகளில் இது அன்றாடப் பேச்சு. சமரகப் பட்டியல்களும் ஈஎன்8, சி45, அமெரிக்காவின் 1045, ஜப்பானின் எஸ்45சி, நம்முடைய 45சி8 எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டுவிடுகின்றன. நானும் பல வருடம் அந்த வரியை நம்பித்தான் ராடு வாங்கினேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஈஎன்8-இல் உள்ள ‘ஈஎன்’ ஐரோப்பியத் தரத்தைக் குறிப்பதல்ல. பிரிட்டனின் பிஎஸ் 970 தரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த எண் வரிசை அது. பிரிட்டனே பிறகு அதை 080எம்40 என்று மாற்றிவிட்டது. நாம்தான் பழைய பெயரை விடவில்லை. புதுப்பெயரின் கடைசி 40-ஐப் பாருங்கள்: கார்பன் ஏறக்குறைய 0.40 சதவீதம். சி45-இல் அது 0.45.

கார்பன் வரம்பை அடுத்தடுத்து வைத்தால் விஷயம் தெளிவாகும்:

ஈஎன்8: 0.36–0.44
45சி8: 0.40–0.50
சி45: 0.42–0.50
எஸ்45சி: 0.42–0.48
1045: 0.43–0.50

கடைசி மூன்றும் கூடப்பிறந்தவை. 45சி8-ம் அந்தக் குடும்பம்தான், கீழ் எல்லை மட்டும் கொஞ்சம் தளர்வு. ஈஎன்8 ஒரு படி கீழே நிற்கிறது. அதற்கு உண்மையான ஜோடி 1040 (0.37–0.44).

இந்த ஒரு படி எங்கே உறுத்தும்? ஒருமுறை சி45 ஷாஃப்டுகளுக்கு ஈஎன்8 எடுத்தேன். டிராயிங்கில் பேரிங் உட்காரும் இடத்தில் இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்காந்தத்தால் சூடாக்கி, உடனே குளிர்வித்து மேற்பரப்பைக் கடினமாக்குவது), கடினம் குறைந்தது 55 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவு). அதன்பின் டெம்பர் (மிதமாகத் திரும்பச் சூடாக்குவது) செய்து வந்த ஷாஃப்டில் மீட்டரை வைத்தால் 51-ஐத் தாண்டவில்லை. ஹீட் ட்ரீட்மென்ட்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துதான் டெஸ்ட் சர்டிபிகேட்டைப் படித்தேன். கார்பன் 0.37. ஈஎன்8 என்ற பெயருக்கு அந்தச் சரக்கு முழு நியாயம் செய்திருந்தது. பெயரை மாற்றிக் கேட்டது நான்தான். கடினம் எவ்வளவு ஏறும் என்பதைப் பெரும்பாலும் கார்பன்தான் முடிவு செய்கிறது. ஹீட் ட்ரீட்மென்ட்காரர் என்ன செய்வார்?

ஹார்டனிங் தேவைப்படாத வேலைகளுக்கு, அதாவது இணைப்பு ஊசி (pin), ஷாஃப்ட் சாவி (key), அடித்தட்டு (base) மாதிரி உருப்படிகளுக்கு, ஈஎன்8 தாராளமாகப் போதும். ஹார்டனிங் இருந்தால் சி45-ஐயே கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஈஎன்8டி (0.40–0.45), அதுவும் சர்டிபிகேட்டில் 0.42-க்கு மேல் இருக்கும் ஹீட்டாக (ஒரே உருக்கில் வந்த சரக்காக) பார்த்து.

குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த எஃகான ஈஎன்19 பக்கம் இவ்வளவு பயம் வேண்டாம். ஐரோப்பாவின் 42சிஆர்எம்ஓ4, அமெரிக்காவின் 4140, ஜப்பானின் எஸ்சிஎம்440 எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்கு. வித்தியாசம் மாலிப்டினத்தில்: ஈஎன்19-இல் 0.25–0.35, 42சிஆர்எம்ஓ4-இல் 0.15–0.30, 4140-இல் 0.15–0.25. சின்ன விட்டத்தில் இது தெரியாது. தடித்த ராடில், உள்வரை கடினம் இறங்க வேண்டிய இடத்தில், ஈஎன்19-க்குப் பதிலாக 4140 போடுவதற்கு முன் நான் யோசிப்பேன்.

பிளேட்டில் சிக்கல் வேறு மாதிரி. ஐரோப்பாவின் எஸ்235, ஜப்பானின் எஸ்எஸ்400, அமெரிக்காவின் ஏ36, நம்முடைய ஈ250 நான்கையும் ‘எம்எஸ் பிளேட்’ (மைல்டு ஸ்டீல் தகடு) என்றே விற்கிறார்கள். ஆனால் அந்த எண்கள் ஒரே பொருளைச் சொல்வதில்லை. எஸ்235-இன் 235-ம் ஈ250-இன் 250-ம் மெகாபாஸ்கலில் ஈல்டு வலிமை, அதாவது தகடு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு. எஸ்எஸ்400-இன் 400 இழுவிசை வலிமை, அதாவது அறுவதற்கு முன் அது தாங்கும் உச்ச அளவு. அதன் ஈல்டு 245 தான். ஏ36-இன் 36 அமெரிக்க அலகில் ஈல்டு, நம் கணக்கில் 250. தடிமன் கூடினால் கதை மாறும்: எஸ்235 பிளேட் 16 மி.மீ. தாண்டியதும் 225-க்கு இறங்கும், ஏ36 அங்கேயும் 250-இலேயே நிற்கும்.

வெல்டிங் வேலைக்கு எஸ்எஸ்400-ஐ எஸ்235ஜேஆர்-க்குச் சமம் என்று நான் எடுக்க மாட்டேன். எஸ்எஸ்400-க்குப் பாஸ்பரஸ், கந்தக வரம்பு உண்டு, கார்பனுக்கு வரம்பே கிடையாது. ஜேஆர் என்ற இரண்டு எழுத்துக்கோ 20 டிகிரி செல்சியஸில் 27 ஜூல் இம்பேக்ட் (திடீர் அடியைத் தாங்கும் திறன்) என்று அர்த்தம். எஸ்எஸ்400 அந்த வாக்கைக் கொடுப்பதில்லை. நம் ஊர்ச் சரக்கில் ஈ250 பி.ஆர். எடுத்து, இம்பேக்ட் டெஸ்ட் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுவது நல்லது. ஈ250 ஏ-வில் அந்த டெஸ்ட் கிடையாது.

ஸ்டெயின்லெஸ்ஸில் அமெரிக்க எண்ணான 304-ம் ஐரோப்பிய எண்ணான 1.4301-ம் அநேகமாக வம்பில்லாத ஜோடி. 316எல்-இல் கவனம் வேண்டும். அமெரிக்கத் தரத்தில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் வரை எங்கே இருந்தாலும் அது 316எல். ஐரோப்பாவில் அதே இடம் இரண்டாகப் பிரிகிறது: 2.0–2.5 என்றால் 1.4404, 2.5–3.0 என்றால் 1.4435. டிராயிங்கில் 1.4435 இருக்கும்போது 2.1 மாலிப்டினம் உள்ள 316எல் பைப் வந்து இறங்கினால், சர்டிபிகேட் சுத்தமாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.