இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கு மல்டிஃபோகல் லென்ஸ்: கண்புரை ஆபரேஷனுக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

வீட்டில் யாருக்காவது கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தால், லென்ஸுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அப்பாவின் கண்ணுக்கும் தொழிலுக்கும் பொருந்தாத ஒரு லென்ஸை 75,000 ரூபாய்க்கு ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரி தலையில் கட்டியது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை, கேட்காதீர்கள்.

அப்பாவுக்கு 61 வயது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றி பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போவார். எல்லாம் ராத்திரி ஓட்டம்தான். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அதே கண்ணில் சில வருடங்களுக்கு முன் சதை வளர்ந்து அதையும் எடுத்திருந்தார்கள். இந்த இரண்டும் அந்த ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே பேனாவால் எழுதியிருக்கிறது: தொழில் டிரைவர், வலது கண் சதை அறுவை ஆனது. நகல் என்னிடம் இருக்கிறது. எழுதினவரைத் தவிர வேறு யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

டாக்டர் பார்த்தது கொஞ்ச நேரம். மற்றதெல்லாம் கவுன்சலிங் மேஜையில். லேமினேட் பண்ணின ஒரு விலை அட்டை, அதில் விலை ஏற ஏற லென்ஸ் படம் பெரிதாகிக்கொண்டே போகும். "சாதா லென்ஸ் போட்டா ஐயா கண்ணாடியோடயேதாங்க இருக்கணும். இது ஃபாரின் லென்ஸ், கண்ணுல இருக்கற எல்லாக் குறையையும் சரி பண்ணிரும், இருவது வயசுப் பார்வை வந்துரும்" என்றார் அந்த மேஜையில் இருந்த பெண். அப்பா வாய்விட்டே கேட்டார்: "நைட்டு வண்டி ஓட்டறனுங்க, ஒண்ணும் ஆகாதுங்களே?" அதற்கு வந்த பதில், "அதுக்குத்தாங்கய்யா இந்த லென்ஸே." நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். புகார் மனுவில் இந்த வரியை அப்படியே எழுதியிருக்கிறோம்.

அந்த ஒரு வரியில் எவ்வளவு பொய் இருக்கிறது என்று புரியவேண்டுமானால் கொஞ்சம் விவரம் வேண்டும். நம் கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் பகுதி, ஓரத்தில் படும் ஒளியை நடுவில் படுவதைவிடக் கூடுதலாக வளைக்கிறது, அதனால் எல்லாக் கதிரும் ஒரே புள்ளியில் சேராது. சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இதை எதிர்ப்பக்கமாகச் சரிக்கட்டிவிடும், வயதாக ஆக அந்தச் சரிக்கட்டல் போய்விடும். பழைய வகைச் செயற்கை லென்ஸ்கள் இந்தப் பிழையைக் கூட்டத்தான் செய்தன. 2000-களின் தொடக்கத்தில் ஏஸ்ஃபெரிக் என்று சொல்லும், ஓரத்தை வேறு மாதிரி வளைத்துச் செய்த லென்ஸ்கள் வந்து இதை நன்றாகக் குறைத்தன. சராசரிக் கருவிழியின் பிழை சுமார் 0.27 மைக்ரான் என்று அளந்து, அதே அளவு எதிர்ப்பிழையை உள்ளே வைத்துச் செய்த லென்ஸ்கூட உண்டு. இருட்டில் கண்பாப்பா விரியும்போதுதான் இந்தப் பிழை அதிகமாகத் தொந்தரவு தரும். ஆக, ராத்திரி ஓட்டுகிறவருக்குப் பொருத்தமானது ஏஸ்ஃபெரிக் மோனோஃபோகல், அதாவது ஒரே தூரத்துக்குக் குவியும் லென்ஸ். அது அந்த அட்டையிலேயே கால்வாசி விலைக்கு இருந்தது! ஃபாரின் என்ற பேச்சும் வேண்டாதது, மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் செய்யும் நிறுவனம் 1992-இல் தொடங்கியதிலிருந்து இங்கே செய்த லென்ஸ் எத்தனையோ நாடுகளுக்குப் போகிறது.

அப்பாவுக்கு வைத்தது மல்டிஃபோகல். அதன் மேல் நுணுக்கமான வளையங்கள் இருக்கும், வரும் ஒளியைத் தூரத்துக்குக் கொஞ்சம் கிட்டத்துக்குக் கொஞ்சம் என்று பிரித்துவிடும். பழைய இரண்டு தூர வகையில் 41 சதவீதம் தூரத்துக்கும் 41 சதவீதம் கிட்டத்துக்கும் போய், மீதி 18 சதவீதம் எதற்கும் உதவாமல் சிதறும். புதிய வகைகளில் கணக்கு மாறும், ஆனால் ஒளியைப் பிரிப்பது மாறாது. கண்ணாடியில்லாமல் பேப்பர் படிக்கலாம், அது உண்மைதான், அப்பாவும் படித்தார். அதற்கான விலை ராத்திரியில் தெரியும்.

கட்டு அவிழ்த்து, வண்டி ஓட்டலாம் என்று ஆஸ்பத்திரியே சொன்ன பிறகு முதல் லோடுக்கு நானும் கூடப் போனேன். உடுமலை தாண்டினதும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. எதிரே வரும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்டத்துக்குள் வட்டமாக விரிகிறது என்றார், வருவது லாரியா இரண்டு பைக்கா என்றே தெரியவில்லை என்றார். ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, புரை இருக்கிற இடது கண்ணால் பார்த்து ஓட்டினார். பொள்ளாச்சியில் வண்டியை ஓரங்கட்டி வேறு டிரைவரை வரச்சொன்னோம். அதன் பிறகு அவர் ராத்திரி லோடு எடுக்கவேயில்லை, வருமானம் நின்றுபோனது.

ஆஸ்பத்திரிக்குப் போனால், "மூளை பழகணும், ஆறு மாசம் ஆகும்." சிலருக்குப் பழகிப்போவது நிஜம்தான். அதைப் பணம் கட்டுமுன் ஏன் சொல்லவில்லை? மறுபடி போனபோது, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு லேசாக மங்கியிருக்கிறது, லேசர் அடித்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்றார்கள்.

இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். சவ்வு நிஜமாகவே மங்கினால் யாக் லேசர் நல்ல வைத்தியம்தான். ஆனால் தொந்தரவு லென்ஸாலேயே வருகிறதோ என்று சந்தேகம் இருக்கும்போது அதை அடிக்க விடாதீர்கள். லேசர் அந்தச் சவ்வில் ஓட்டை போடும், அப்புறம் லென்ஸை எடுத்து மாற்றுவது ரொம்ப ஆபத்தான வேலையாகிவிடும், உள்ளே இருக்கும் ஜெல் முன்னால் வரலாம். நாள் ஆக ஆகச் சவ்வு லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், அதனாலும் தள்ளிப்போடக்கூடாது. லேசருக்கு அவசரப்படுத்தினவர்கள் இதில் ஒரு வார்த்தையும் எங்களிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம் சொன்னது மதுரையில் நாங்கள் பார்த்த வேறொரு டாக்டர். அவர் முதலில் எடுத்தது கருவிழியின் டோபோகிராபி, அதாவது அதன் வளைவு எங்கே எப்படி இருக்கிறது என்று காட்டும் படம். படத்தில் மூக்குப் பக்கம், சதை எடுத்த இடத்தில், கருவிழி தட்டையாகிக் கோணலாக இருந்தது எனக்கே தெரிந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் சீரான பிழையைத்தான் சரிசெய்யும் என்றார். சிலிண்டர் பவர், அதாவது கருவிழி ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருப்பது, சீராக இருந்தால் அதைச் சரிக்கட்டும் டோரிக் லென்ஸ் உதவும், அதுவும் சரியான கோணத்தில் உட்கார வேண்டும், ஒரு டிகிரி திரும்பினால் 3 சதவீதத்துக்கு மேல் பலன் போகும், 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. ஒழுங்கில்லாத கருவிழிக்கு மல்டிஃபோகல் வைத்தால், ஏற்கெனவே கோணலாக வரும் ஒளியை அது இன்னும் பிரித்துவிடும். முதல் ஆஸ்பத்திரி ஃபைலில் டோபோகிராபி கிடையாது. விழித்திரைக்கு ஓசிடி ஸ்கேனும் கிடையாது, அப்பாவோ சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், சர்க்கரை விழித்திரையைப் பாதிக்கலாம்.

லென்ஸை மாற்றிவிட்டோம், உள்ளே இப்போது ஏஸ்ஃபெரிக் மோனோஃபோகல். விளக்கைச் சுற்றித் தெரிந்த வட்டங்கள் போய்விட்டன. கருவிழிக் கோணலால் வரும் லேசான சிதறல் இருக்கும், அதை டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கிட்டப் படிக்கக் கண்ணாடி போடுகிறார். இன்சூரன்ஸ் முதல் ஆபரேஷனுக்கே ஒரு உச்சவரம்புக்கு மேல் தரவில்லை, மாற்றின செலவு முழுக்க எங்கள் கைப்பணம்.

லென்ஸ் டப்பாவோடு மாடல், பவர், சீரியல் நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும், அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச்சொல்லி அங்கேயே பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபைல் நகலைத் தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்ததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் எதுவும் வாங்கவில்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. நோயாளி தானே விரும்பிக் கேட்ட லென்ஸ் என்று பதில் போட்டிருக்கிறார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, அவர் படித்தது பழனியில் தமிழ் வழியில் எட்டாவது வரை.