செப்பரேட், டிவைட்: எங்கே எது?

தமிழில் ‘பிரி’ என்ற ஒரே வினை இரண்டுக்கும் பொருந்திவிடுவதால், ஆங்கிலத்தில் எழுதும்போது ‘செப்பரேட்’, ‘டிவைட்’ ஆகியவற்றை நாம் அடிக்கடி மாற்றிப் போட்டுவிடுகிறோம். பிசைந்த சப்பாத்தி மாவை எட்டு உருண்டைகளாக்குவது ‘டிவைட்’. ஒவ்வொரு பங்கும் அதே மாவுதான். முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு மாற்றி மாற்றி வெள்ளைக் கருவை வடியவிடுவதோ ‘செப்பரேட்’; சேர்ந்திருந்தாலும் அவை முன்பே வெவ்வேறானவை. கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்வதற்கும் இச்சொல்லே உரியது என்றாலும், அது மணமுறிவு ஆகாது: 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 10ஆம் பிரிவின்படி நீதிமன்றம் பிரிந்து வாழ அனுமதித்த பிறகும் திருமணம் நீடிக்கிறது. கணக்கில் வகுத்தலுக்கு ‘டிவைட்’ மட்டுமே. உச்சரிப்பையும் கவனிக்க வேண்டும். ‘செப்பரேட்’ என்று நீட்டுவது வினைக்குத்தான், ‘தனியான’ என்னும் பொருளில் பெயரடையாக வரும்போது அது ஏறத்தாழ ‘செப்ரட்’ என்று குறுகிவிடுகிறது.