பிரான்ஸ், பிரிட்டன்: கருக்கலைப்புச் சட்டங்கள் ஓர் ஒப்பீடு

எந்தச் சட்டமுறை பெண்ணுக்கு உகந்தது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வார வரம்பை மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் முடிவு யாருடையது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

முடிவு: பிரான்சில் பெண்ணின் கோரிக்கையே போதும்; 2024 மார்ச்சில் இந்தச் சுதந்திரம் அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய காரணம் உண்டென்று இரு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். நடைமுறையில் அது எளிதாகவே கிடைக்கிறது. எனினும், தன் உடல் குறித்த முடிவுக்குப் பிறர் ஒப்புதல் தேவைப்படுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காலம்: பிரான்சில் 2022 முதல் 14 வாரம், பிரிட்டனில் பெரும்பாலான காரணங்களுக்கு 24 வாரம். பிரான்ஸ் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவதால், பிரிட்டனைப் போலக் கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் அந்த வரம்பு 16 வாரமாகும். இதைக் கவனிக்காத ஒப்பீடுகள் வாசகரைத் தவறாக வழிநடத்துகின்றன.

செலவு: பிரான்சில் மருத்துவக் காப்பீடு முழுவதையும் ஏற்கிறது, பிரிட்டனில் பொதுச் சுகாதாரச் சேவையில் இலவசம்.

கருவுற்றதை விரைவில் அறிந்து, யாரிடமும் காரணம் சொல்ல விரும்பாதவருக்குப் பிரெஞ்சுச் சட்டமே பொருந்தும். தாமதமாக அறிந்தவருக்கோ, இடையில் சூழல் மாறியவருக்கோ பிரிட்டன் சட்டமே கைகொடுக்கும்.