செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்குபவர்கள் கவனத்துக்கு: ஷட்டர் கவுண்ட் மட்டும் போதாது, தேதியையும் பாருங்கள்

ஒரு மாதமாக மனதுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்த விஷயம் இது. பழைய கேமரா வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு உஷாரானால்கூட எனக்குப் போதும்.

புதிதாக வாங்க வசதியில்லை. இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் பெரிய சென்சார் கொண்ட ஒரு ஃபுல் ஃபிரேம் பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), போர்ட்ரெய்ட் எடுக்க ஒரு லென்ஸ் என்று திட்டம் போட்டிருந்தேன். நிக்கான் டி750 பாடியையும் 85 எம்எம் எஃப்/1.8ஜி லென்ஸையும் சேர்த்தே ஒருவர் விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். டி750 வந்தது 2014-இல். ஆனாலும் 24 மெகாபிக்சல் சென்சார், இன்றைக்கும் அருமையாக வேலை செய்யும். பழையது வாங்கலாம் என்று முடிவெடுத்ததில் தவறில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன்.

போனில் மரியாதையாகப் பேசினார். ஷட்டர் கவுண்ட் எவ்வளவு என்று கேட்டேன். ஷட்டர் என்பது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, அது எத்தனை முறை ஓடியிருக்கிறது என்பதுதான் கவுண்ட். பத்து நிமிடத்தில் ஒரு ஒரிஜினல் படத்தையே அனுப்பிவிட்டார். "நீங்களே பாத்துக்கோங்க தம்பி" என்றார். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும், அதுவரை ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்ற எண் பதிவாகியிருக்கும். படத்துக்குள் பதிவான விவரங்களைப் பட்டியலாகக் காட்டும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். 11,486. டி750-இன் ஷட்டரை 1,50,000 முறை இயக்கிச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. அந்தக் கணக்கில் இது ஏறக்குறையப் புதுசு. சந்தோஷத்தில், அதே பட்டியலில் இருந்த தேதி என் கண்ணில் படவே இல்லை.

பகலில் வேலை இருக்கிறது, ஆறரைக்கு மேல் வாருங்கள் என்றார். போனேன். வாசலில் ஒரு மங்கலான பல்பு. கேமராவைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார். என் கார்டைப் போட்டுப் பத்துப் படம் எடுத்தேன். பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. லென்ஸின் முன்னால் ஒரு யுவி ஃபில்டர் (பாதுகாப்புக் கண்ணாடி) மாட்டியிருந்தது. அதைக் கழற்றக் கை வைத்தபோது, "வேண்டாம் தம்பி, வாங்கின நாள்லேர்ந்து கழற்றினதே இல்ல, தூசி ஏறிடும். கண்ணாடியில ஒரு கீறல் கிடையாது" என்றார். பொருளை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரே ஒரு குறை: ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தி எடுத்தால் படம் வெளிறிப் போகும். கறுப்பு கறுப்பாக வராமல் சாம்பல் பூத்தது போல இருக்கும். வெளிச்சம் சரியாக அமைக்க எனக்குத் தெரியவில்லை என்று நினைத்து, அதற்கே ஒரு வாரம் பயிற்சி எடுத்தேன். லென்ஸ் பழுது பார்க்கும் ஒரு நண்பரிடம் எதற்கும் காட்டலாம் என்று கொண்டுபோனேன்.

அவர் முதலில் செய்த வேலை ஃபில்டரைக் கழற்றியதுதான். பிறகு லென்ஸைத் திருப்பிப் பிடித்து, கேமராவில் மாட்டும் மவுண்ட் பக்கம் இருக்கும் சின்ன லீவரை விரல் நுனியால் தள்ளினார். இந்த வகை நிக்கான் லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றினால், வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரின் இதழ்கள் சுருங்கித்தான் இருக்கும், அந்த லீவரைத் தள்ளினால்தான் முழுதாகத் திறக்கும். இது எனக்குத் தெரியாது. திறந்து பிடித்தபடியே பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, "இங்க பாருங்க" என்றார். உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வெள்ளையாக, நூலை விட மெல்லிய வேர்கள் கிளை பிரிந்து ஓடியிருந்தன. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. டார்ச்சை நேராகப் பிடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சம் சாய்த்தால் முழுதும் எழுந்து நிற்கிறது. அந்த மங்கல் பல்பில் நான் எப்படிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் ஃபங்கஸ் விடும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தடம் போகாது என்றார். பாடியையும் வாங்கிப் பார்த்தார். பிடியில் ரப்பர் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பினால் அடியில் புதுப் பசை. அடிப்பக்கத்து ஸ்க்ரூ ஒன்றின் தலை வழுக்கிப் போயிருந்தது. "இது நிறைய உழைச்ச பாடி. நீங்க எடுத்த படத்துல கவுண்ட் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. முன்பே பார்த்தாயிற்றே என்ற நினைப்புதான். அங்கேயே உட்கார்ந்து, வாங்கிய அன்று என் கார்டில் எடுத்த முதல் படத்தைத் திறந்தேன். 1,31,902.

விற்றவர் அனுப்பிய படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

போன் செய்து கேட்டேன். கோபப்படவே இல்லை அவர். "அந்தப் படம் இந்தக் கேமராவில எடுத்ததுதானே தம்பி? அதுல இருக்கற எண்ணும் சரியான எண்தானே? நான் எங்க பொய் சொன்னேன்?" என்றார். கண்ணாடியில் கீறல் இல்லை என்றதும் உண்மைதான், ஃபங்கஸ் உள்ளே அல்லவா இருந்தது. மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை. இதைத் தெரியாமல் நடந்தது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எதை எந்த வெளிச்சத்தில் காட்ட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர் அவர். சீரியல் எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்கிய ஒரு துண்டுச்சீட்டுகூட என்னிடம் இல்லை, அதனால் புகார் கொடுக்கவும் வழியில்லாமல் போனது.

அதனால் சொல்கிறேன். பகலில் மட்டும் போங்கள். விற்பவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள், உங்கள் கார்டில் நீங்களே ஒரு படம் எடுத்து, பணம் கொடுப்பதற்கு முன் அங்கேயே திறந்து எண்ணைப் பாருங்கள். கேமராவின் சீரியல் எண்ணும் படத்துக்குள் இருக்கும், பாடியில் இருப்பதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் அந்தச் சிக்கல் உங்கள் தலையில் விழும். கேனானின் பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஷட்டர் எண் படத்தில் பதியாது, கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்துத்தான் எடுக்க வேண்டும். லென்ஸ் என்றால் ஃபில்டரைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்ற விடவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். அப்பர்ச்சரை எஃப்/16 என்று சிறிதாக வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசியும் கறையும் தெரிந்துவிடும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் போட்டு மூடி வைக்காதீர்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் ஃபங்கஸ் வளராது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் என்ற அலமாரி இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாடியில் ஷட்டர் இன்னும் ஓடுகிறது. மாற்ற வேண்டி வந்தால் நான் மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். லென்ஸைச் சத்தமில்லாமல் யாரிடமாவது தள்ளிவிடு என்று இரண்டு பேர் யோசனை சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. விற்றால், டார்ச் அடித்து எடுத்த அந்த ஃபங்கஸ் படத்தை விளம்பரத்தில் முதல் படமாகப் போட்டுத்தான் விற்பேன்.