ஐ சிங்கில் மாறும் கோடுகள்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

ஐ சிங் என்ற பழைய சீனக் குறிநூலைப் பார்க்க நாணயம் வீசுவது பெரிய வித்தையில்லை. மூன்று நாணயங்களை ஆறு தடவை வீசி, கீழிருந்து மேலாக ஆறு கோடுகள் போட வேண்டும்; அந்த ஆறும் சேர்ந்தது ஒரு ‘உரு’. உடைந்த கோடு யின், முழுக்கோடு யாங். உருவுக்கு ஒரு பொது வாசகமும் கோட்டுக்கோட்டுக்குத் தனி வாசகமும் நூலில் உண்டு. தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6 முதல் 9 வரை ஏதோ ஒன்று வரும். 7, 8 அப்படியே நிற்கும். 6 (முதிர்ந்த யின்), 9 (முதிர்ந்த யாங்) இரண்டும் எதிர்க்கோடாக மாறி இன்னொரு உருவைக் கொண்டுவரும். தலைவலி அங்கேதான். கையில் இரண்டு உருவங்கள், நடுவே நாலைந்து வாசகங்கள். எதைப் படிப்பது?

நான் பிடித்துக்கொண்டிருப்பது 12-ஆம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஜூ ஷியின் விதி. எதுவும் மாறாவிட்டால் முதல் உருவின் பொது வாசகம். ஒரு கோடு மாறினால் அந்தக் கோட்டின் வாசகம். இரண்டு மாறினால் இரண்டையும் படித்து, மேலே இருப்பதற்கு முதலிடம். மூன்று மாறினால் இரு உருவங்களின் பொது வாசகங்களும். அதற்கு மேல் கவனம் இரண்டாவது உருவுக்குப் போய்விடும்.

ஒரு வீட்டுக்கு முன்பணம் உடனே கொடுப்பதா என்று கேட்டபோது 5-ஆவது உரு, ‘காத்திருத்தல்’ வந்தது. நான்காம், ஐந்தாம் கோடுகள் மாறின. நான்காவது ‘இரத்தத்தில் காத்திருத்தல், குழியிலிருந்து வெளியேறு’ என்கிறது. ஐந்தாவது ‘மதுவோடும் உணவோடும் காத்திருத்தல்’ என்கிறது. ஜூ ஷிப்படி மேல்கோடுதான் பெரிது, அதாவது நிம்மதியாகப் பொறு. ஆனால் இன்று புழங்கும் இன்னொரு விதி, ஒன்று யின், ஒன்று யாங் என்றால் யின் கோட்டைப் பார் என்கிறது. அப்படிப் பார்த்தால் இரத்தமும் குழியும்! அதனால்தான் எந்த விதி என்பதை நாணயம் எடுக்கும் முன்பே முடிவு செய்கிறேன். வீசிய பிறகு தேர்ந்தெடுத்தால், மனசுக்குப் பிடித்த பதிலைத்தான் எடுப்போம்.

பண்டைய பதிவுகள் இந்த விதிகளுக்கெல்லாம் கட்டுப்படுவதில்லை. ஜுவோ ஜுவான் என்ற பழைய சீன வரலாற்று நூலில், லூ நாட்டின் மூ ஜியாங் அரசி சிறைவைக்கப்படும்போது குறி பார்க்கிறார்கள். 52-ஆவது உருவில் ஐந்து கோடுகள் மாறி 17-ஆவதான ‘பின்தொடர்தல்’ வருகிறது. அரசவைக் குறிகாரர் “சீக்கிரம் வெளியே வந்துவிடுவீர்கள்” என்கிறார். அரசியோ, அந்த உரு சொல்லும் நற்குணங்கள் தன்னிடம் இல்லை, இங்கேதான் சாவேன் என்கிறார். அப்படியே நடந்தது. என்னைக் கேட்டால், நூலில் உள்ள மிக நேர்மையான குறி வாசிப்பு அதுதான்.

இரண்டாவது உருவை ‘எதிர்காலம்’ என்று பலர் படிக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நிலைமை எந்தப் பக்கம் சாய்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

நாணயத்தில் மூன்று கோடோ அதற்கு மேலோ மாறுவது நூற்றுக்குச் சுமார் 17 தடவைதான். ஆகவே சிக்கலான விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: நாணயத்தில் 6-க்கும் 9-க்கும் எட்டில் ஒரு பங்கு என்று சம வாய்ப்பு. பழைய குச்சி முறையில் 6-க்கு பதினாறில் ஒன்று, 9-க்கு பதினாறில் மூன்று. 49 குச்சிகளைப் பதினெட்டு தடவை பிரிக்கப் பொறுமையில்லாதவர்கள் பையில் நான்கு நிறத்தில் 16 மணிகள் போட்டு எடுக்கலாம்: 6-க்கு ஒன்று, 9-க்கு மூன்று, 7-க்கு ஐந்து, 8-க்கு ஏழு. எடுத்த மணியை ஒவ்வொரு தடவையும் திரும்பப் பையில் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு கெட்டுவிடும்.