பிள்ளைக்கு ‘மூளை வரைபடம்’ எடுக்கக் காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

காசு திருப்பித் தர முடியாது என்று நேற்றுப் பின்னேரம் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். 185,000 ரூபாய். இன்னொரு தாய் தகப்பன் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, போட்டால் வழக்கு என்று மிரட்டியிருக்கிறார்கள். கொழும்பில், காலி வீதியை ஒட்டிய மாடிக் கட்டடம் ஒன்றில் நடக்கும் தனியார் குழந்தை விருத்தி நிலையம். அவ்வளவு போதும்.

மகன் தரம் இரண்டு. வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுகிறான் என்று டீச்சர் கொப்பியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். சொந்தக்காரருக்கு அது நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்த கதை. அந்த நேரத்தில்தான் விளம்பரம் கண்ணில் பட்டது. மூளையைப் படம் பிடித்து, பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று அன்றைக்கே சொல்வார்களாம்.

மகனின் தலையில் வயர்கள் வைத்த தொப்பி ஒன்றை மாட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஜெல் விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கோட் போட்ட ஒரு பெண் கலர் படம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். மூளையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. அதைப் பேனையால் தட்டித் தட்டிச் சொன்னார்: “அம்மா, உங்கட பிள்ளை குழப்படி இல்ல. இந்த இடம்தான் ஒழுங்கா வேலை செய்யல. உங்கட வளர்ப்பில ஒரு பிழையும் இல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளில் அப்படி ஒரு வார்த்தை ஒருவரும் சொன்னதில்லை. டிஷூ பெட்டியை என் பக்கம் தள்ளினார், மகனுக்கு ஒரு டொபி கொடுத்தார். அவருடைய கை இன்னும் என் தோளில் இருக்கும்போதே மற்றக் கையால் விலைப்பட்டியலை எடுத்தார். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் பிரச்சினை, கடுமையானது, மூளைப் பயிற்சி முழுப் பெக்கேஜும் எடுக்க வேண்டும், இன்றைக்கே கட்டினால் 185,000, நாளைக்கு விலை கூடும். கார்ட்டில் பாதி கட்டினோம். மீதிக்கு என் காப்பு அடகுக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பயிற்சி என்பது மகன் அதே தொப்பியோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பது. கிழமைக்குக் கிழமை போனோம். முடியில் காய்ந்த ஜெல்லைக் கழுவி எடுப்பது ஒரு பெரிய வேலை, குழப்படி அப்படியே இருந்தது. கேட்டால் “இன்னும் செஷன் முடியலயே அம்மா.”

பிறகு சிறுவர் வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டினோம். அவர் சிவப்புப் படத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கேட்டது: “பிள்ளை ராவில குறட்டை விடுதா? வாயைத் திறந்துகொண்டா நித்திரை கொள்ளுது?” ஆம், எப்போதும். கேட்கும் திறனைச் சோதித்தார்கள். இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கட்டியிருக்கிறது, மூக்கின் பின்பக்கம் அடினொயிட் என்ற சதை வீங்கியிருக்கிறது. என் பிள்ளைக்குப் பாதி கேட்கவில்லை, ராத்திரி ஒழுங்கான நித்திரையும் இல்லை. நித்திரை கெட்ட பிள்ளை பெரியவர்களைப் போலச் சோர்ந்து கிடக்காது, பகலில் துள்ளிக் குதிக்கும், எரிந்து விழும் என்றார் டொக்டர். காதையும் நித்திரையையும் முதலில் பார்ப்போம், அதற்குப் பிறகும் இருந்தால்தான் ஏ.டி.எச்.டி.யைப் பற்றி யோசிப்போம் என்றும் சொன்னார். அதை உறுதிப்படுத்த ஸ்கேனும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லையாம். அறிகுறிகள் குறைந்தது 6 மாதமாவது இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். அந்த நிலையத்தில் டீச்சரிடம் ஒரு சொல் கேட்டார்களா? காதுக்குள் ஒரு லைட் அடித்துப் பார்த்தார்களா?

காசைக் கேட்கப் போனபோது “மெடம் மீட்டிங்ல.” அப்புறம் “மெடம் வெளிநாட்டுல.” வட்ஸ்அப்பில் நீலக்குறி விழும், பதில் வராது. கடைசியில் பில்லைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் சிகிச்சை என்ற சொல்லே இல்லை, “பதிவுக் கட்டணம், மீளளிக்கப்படாது” என்று பொடி எழுத்தில் இருக்கிறது. மகன் போகாத செஷன்களுக்காவது தாருங்கள் என்றேன். “நீங்கதானே இடையில நிப்பாட்டினீங்க” என்று போனை வைத்தார் அந்த வரவேற்புப் பிள்ளை. 185,000 ரூபாய், ஒரு மன்னிப்புக் கூட இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முதலில் காது, கண், நித்திரையைச் சோதியுங்கள். சோதிப்பவர் டொக்டர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், வெள்ளைக் கோட்டை நம்பாதீர்கள். பொரளை லேடி ரிஜ்வே அரசாங்கச் சிறுவர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநலத்துக்கு கிளினிக் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள், காத்திருக்கத்தான் வேண்டும். இன்றைக்கே கட்டு என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடப் போகிறேன். இதே இடத்தில் கட்டியவர்கள் இருந்தால் பில்லையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.