வியன்னாவில் ஒரு நாள், ஓர் அரண்மனை: ஷோன்ப்ருனா, பெல்வெடேரா?

வியன்னாவுக்குத் தம்பதியாகக் கிளம்புகிறவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்பது இதுதான்: ஆற அமரச் சுற்ற ஒரு நாள் இருக்கிறது, எந்த அரண்மனைக்குப் போகலாம்? காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டையும் அடக்கிவிடலாம்தான். ஆனால் அது ஆற அமரப் பார்த்ததாகாது. நாங்கள் வெவ்வேறு நாளில் இரண்டுக்கும் போனோம். மறுபடி வாய்த்தால் நான் யோசிக்காமல் பெல்வெடேருக்கே போவேன்.

போக்குவரத்து, டிக்கெட் விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஷோன்ப்ருனுக்கு யூ4 மெட்ரோ, பெல்வெடேருக்கு டி டிராம். இரண்டிலும் தோட்டத்தில் நடக்கக் காசு வேண்டாம். அரண்மனைக்குள் போக நேரம் குறித்த டிக்கெட். முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

வரலாற்றில் ஷோன்ப்ருன்தான் கனமானது. மொத்தம் 1,441 அறைகள். ஆறு வயது மொசார்ட் 1762-இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் முன் வாசித்தது இங்கேதான். பேரரசர் பிரான்ஸ் யோசப் 1830-இல் பிறந்ததும் 1916-இல் கண்மூடியதும் இதே அரண்மனையில். அத்தனை பொன் வேலைப்பாட்டைக் கடந்து வந்து அவருடைய எளிய இரும்புக் கட்டிலைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகிறது. ராஜ வம்சத்தின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், மேலே படிக்க வேண்டாம், ஷோன்ப்ருனுக்கே போங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது எங்கள் இருவரின் வேகம். என் கணவர் ஒரு குறிப்பட்டையையும் விடாமல் படிப்பார். நான் பத்து அறைகளைச் சட்டென்று கடந்துவிட்டு, பிடித்த ஒன்றின் முன்னால் வேரூன்றி நிற்பேன். ஷோன்ப்ருனில் பாதை ஒன்றுதான். அறைக்கு அடுத்து அறையாக, காதில் ஒலிவழிகாட்டி, முன்னாலும் பின்னாலும் ஆட்கள். கடந்துவிட்ட அறைக்குத் திரும்ப முடியாது. அவ்வளவு பேர் வந்து பார்க்கும் இடத்தில் அப்படித்தான் வைத்தாக வேண்டும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ‘மில்லியன் அறை’ என்று ஒன்று இருக்கிறது. முகலாயச் சிற்றோவியங்களை வெட்டி ஒட்டி, பொன் சட்டங்களுக்குள் அடக்கி, அரிய மரப் பலகைச் சுவரில் பதித்திருக்கிறார்கள். நம் நாட்டு ஓவியம் ஆஸ்திரிய அரசியின் சுவரில்! வெட்டிவிட்டார்களே என்ற ஆதங்கமும், இப்படியாவது காப்பாற்றினார்களே என்ற நிம்மதியும் சேர்ந்தே வந்தன. விட்டிருந்தால் அரை மணி நேரம் நின்றிருப்பேன். பின்னால் காத்திருந்தவர்களுக்காக நகர வேண்டியதாயிற்று. அவரோ இன்னும் முந்தின அறையில் படித்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க ஒருவருக்காக இன்னொருவர் காத்திருந்தோம்.

பெல்வெடேரின் மேல் அரண்மனை இப்போது ஓர் ஓவியக் காட்சியகம். அங்கே டிக்கெட்டில் உள்ள நேரம் நுழைவதற்கு மட்டும். அதன்பிறகு மூடும் வரை நமக்கு வேண்டிய அறைக்கு வேண்டிய தடவை போகலாம். “நீங்க படிச்சிட்டு வாங்க, நான் மார்பிள் ஹால்ல இருப்பேன்” என்று சொல்லிவிட்டுப் பிரிந்தோம். 1955 மே 15 அன்று ஆஸ்திரியாவின் சுதந்திரத்தை மீட்டுத் தந்த ஒப்பந்தம் கையெழுத்தான மண்டபம் அது. தேடித் திரியாமல் சந்திக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. அவர் இடைக்காலப் பலிபீட ஓவியங்களுக்குப் போனார், நான் ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ பார்க்கப் போனேன்.

அந்த ஓவியத்தின் முன்னால் எப்போதும் கூட்டம்தான். ஆனால் இங்கே அது பொருட்டேயில்லை. மெஸ்ஸர்ஷ்மிட் வடித்த கோணல் முகச் சிலைகளையும் ஷீலேயின் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கூட்டம் கலைந்திருக்கும். 1908-இல் அரசு வாங்கிய 180 சென்டிமீட்டர் சதுர ஓவியம் அது. பூந்தரை முடிகிற விளிம்பில் அந்தப் பெண்ணின் கால்விரல்கள் மடங்கிப் பிடித்திருப்பதை நான் இரண்டாம் முறை போனபோதுதான் கவனித்தேன். பிறகு அவரையும் அழைத்து வந்து காட்டினேன். ஒரே வழிப்பாதையில் இது நடக்காது.

இன்னொரு வசதி, சரிவு. படைத்தளபதி இளவரசர் யூஜினுக்காகக் கட்டடக் கலைஞர் ஹில்டபிராண்ட் கட்டிய மேல் அரண்மனை 1723-இல் முடிந்தது, கீழ் அரண்மனை 1716-இல். நடுவே தோட்டம் படிப்படியாக இறங்குகிறது. டிராமில் மேலே போய் இறங்கிக்கொண்டால் மீதி நாள் முழுக்க இறக்கம்தான். முட்டி வலி இருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மேலிருந்து பார்த்தால் ஸ்டீபன் பேராலயத்தின் கோபுரம் வரை நகரம் விரிகிறது. இத்தாலிய ஓவியர் பெலோட்டோ 18-ஆம் நூற்றாண்டில் தீட்டிய காட்சி இதுதான். இதன் நடுவே உயரக் கட்டடம் எழுப்பும் திட்டத்தால்தான் யுனெஸ்கோ 2017-இல் வியன்னாவின் பழைய நகரை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தக் காட்சியைப் பார்த்தவர் யாரும் யுனெஸ்கோ பக்கமே நிற்பார்கள்.

கீழ் வாசலில் வெளியேறினால் ஸ்வார்சன்பெர்க் சதுக்கம் பக்கம். அங்கே 1861-இல் தொடங்கிய ஸ்வார்சன்பெர்க் கஃபேயில் பால் நுரை சேர்த்த ஒரு மெலாஞ்ச் காபி சொல்லிவிட்டு உட்காரலாம். கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் வரும். எழுந்திருங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாமல் போகலாம். ஷோன்ப்ருன் வளாகத்தில் 1752-இலிருந்து இயங்கும் விலங்குப் பூங்கா இருக்கிறது. நாங்கள் அதற்குள் போகவில்லை; ஆனால் பிள்ளைகளுக்கு அது ஓவியங்களைவிடப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். அப்படி ஷோன்ப்ருன்தான் என்று முடிவு செய்தால், காலையின் முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுத்து அறைகளை முடித்துவிடுங்கள். குன்றின் மேலுள்ள குளோரியட் மண்டபம் வரை ஏறுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அந்த ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் நடக்கலாம்.